ஸ்ட்ரீமருக்கு எந்த லைன்? டிரவுட்டுக்கும் ஸ்டீல்ஹெட்டுக்கும் ஒரே செட் போதுமா?

ஃப்ளை ஃபிஷிங்கில், அதாவது இறகும் முடியும் வைத்துக் கட்டிய போலி இரையை (ஃப்ளை) வீசி மீன் பிடிப்பதில், தண்ணீர் மேல் மிதக்கும் டிரை ஃப்ளையும் உள்ளே மூழ்கிப் போகும் நிம்ஃபும் வீசி ஓரளவு கை பழகியவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் இதுதான்: பெரிய மீன் பிடிக்க, குட்டி மீன் போலக் கட்டிய ஸ்ட்ரீமர் வீச வேண்டும், கையில் இருக்கும் 5 வெயிட் ராடு (வெயிட் எண் கூடக்கூடக் கனமான லைனை வீசும்) போதுமா, புதிதாக வாங்குவதென்றால் எதை வாங்குவது? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருப்பவருக்கு இதோடு இன்னொரு கேள்வியும் ஒட்டிக்கொண்டு வரும். ஆற்றிலேயே பிறந்து வளரும் பிரவுன் டிரவுட்டுக்கும் ஏரியிலிருந்து ஏறி வரும் ஸ்டீல்ஹெட்டுக்கும் ஒரே செட்டை வைத்துச் சமாளிக்க முடியுமா?

கடைக்குப் போனால் முதலில் ராடைக் காட்டுவார்கள். அப்புறம் ஃப்ளைப் பெட்டி. ஃப்ளையைச் சுமந்து செல்லும் எடையுள்ள கயிறான லைன் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் முடிவெடுப்பது சுலபம் என்பது என் கருத்து. ஃப்ளை எந்த ஆழத்தில், எந்த வேகத்தில் போகிறது என்பதில்தான் ஸ்ட்ரீமர் மீன்பிடிப்பு முழுக்க அடங்கியிருக்கிறது. அந்த இரண்டையும் தீர்மானிப்பது லைன். லைனைத் தேர்ந்துவிட்டால் அதைத் தூக்கி வீச எந்த ராடு வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஒரு ஆற்றை வைத்துப் பேசினால் தெளிவாக இருக்கும். மிச்சிகனின் பியர் மார்க்கெட் ஆற்றை எடுத்துக்கொள்கிறேன். பால்ட்வின் ஊரையொட்டி ஓடி, லடிங்டனில் மிச்சிகன் ஏரியில் கலக்கிற ஆறு. முதன்மை ஆற்றில் அணை கிடையாது. ஏரி மீன் தடையில்லாமல் மேலே ஏறி வரும். எம்-37 நெடுஞ்சாலைப் பாலத்திலிருந்து கிளீசன்ஸ் லேண்டிங் வரை ஃப்ளை மட்டும்தான் அனுமதி, பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். ஜெர்மனியிலிருந்து வந்த பிரவுன் டிரவுட்டை அமெரிக்காவில் முதன்முதலாக ஆற்றில் விட்டது 1884இல், இந்த ஆற்றுத் தொகுதியில்தான். ஸ்டீல்ஹெட் பசிபிக் கரையிலிருந்து மிச்சிகனுக்கு வந்தது அதற்குச் சில ஆண்டுகள் முன்பு. நம் நீலகிரியில் அவலாஞ்சிப் பொரிப்பகத்தில் வளர்க்கும் ரெயின்போ டிரவுட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம். கடலுக்கோ பேரேரிக்கோ போய்த் தின்று கொழுத்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பி வருவதைத்தான் ஸ்டீல்ஹெட் என்கிறோம்.

இரண்டு மீனுக்கும் குணம் வேறு

பெரிய பிரவுன் டிரவுட் ஆற்றில் குடியிருக்கிற மீன். விழுந்து கிடக்கும் மரத்துக்கு அடியில், குடைந்துபோன கரைக்குள்ளே இருட்டில் படுத்திருக்கும். ஒரு அளவுக்கு மேல் வளர்ந்த பிறகு பூச்சியை மட்டும் தின்று அதற்குக் கட்டுப்படியாகாது. குட்டி மீன், பாறையடியில் ஒட்டிக்கிடக்கும் ஸ்கல்பின், கிரேஃபிஷ், அட்டை என்று பெரிய இரையாகத் தேடும். ஸ்ட்ரீமர் இவற்றைப் போலக் கட்டிய ஃப்ளை. பிரவுனுக்கு அதைக் கரையோரம் போட்டு, இழுத்து இழுத்து, பயந்து ஓடுகிற இரை மாதிரி காட்ட வேண்டும். இந்த முறைக்கு ஸ்ட்ரிப் என்று பெயர். மீன் பார்த்து யோசிக்க நேரம் கொடுக்காமல் இருப்பதுதான் இதன் பலம்.

ஸ்டீல்ஹெட் பயணத்தில் இருக்கும் மீன். ஆற்றுக்குள் வந்த பிறகு வேட்டையாடுவது அதற்கு முக்கியமில்லை. ஆனால் ஏரியில் குட்டி மீன்களைத் துரத்தித் தின்று வளர்ந்த பழக்கம் அதை விட்டுப் போவதில்லை. மனிதன் நடக்கிற வேகத்தில் தண்ணீர் ஓடும் இடங்களில், மடுவின் வால் பகுதி ஆழம் குறைந்து பரவும் இடத்தில் நின்று இளைப்பாறும். அதற்கு ஃப்ளையை ஆற்றின் குறுக்கே மெதுவாக, ஒரே சீராகக் கடத்திக் காட்ட வேண்டும். கீழ்நோக்கி 45 டிகிரி சாய்வாக வீசி, லைனை மேல்பக்கமாகத் தூக்கிப் போட்டு, நீரோட்டமே ஃப்ளையை வளைவாக இழுத்துக்கொண்டு போகும்படி விடுவதுதான் ஸ்விங். கடைசியில் ஃப்ளை நேர் கீழே வந்து நின்றதும் சில நொடி அப்படியே தொங்க விடுங்கள். பின்னாலேயே வந்த மீன் அங்கேதான் பல முறை கடிக்கும். அப்புறம் இரண்டடி கீழே நடந்து மறுபடி வீச்சு.

ஒன்றுக்கு வேகமும் குறியும். இன்னொன்றுக்கு நிதானமும், சீரான ஆழமும். ஒரே செட் போதுமா என்ற கேள்வி சிக்கலாவது இதனால்தான்.

லைன்களை ஒப்பிட்டால்

மிதக்கும் லைன் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். 9 அடி லீடரில் (லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பு) பித்தளைக் கூம்பு வைத்த வூலி பக்கர், ஈயக் கண் வைத்த கிளவுசர் மின்னோ போன்ற ஸ்ட்ரீமர் ஒன்றைக் கட்டினால் இரண்டு மூன்று அடி ஆழத்துக்குப் போய்விடும். மிதமான ஓட்டத்துக்கு இது போதும். லைன் மேலே, எடை கீழே இருப்பதால் ஒவ்வொரு இழுப்புக்கும் ஃப்ளை எழும்பி, நிறுத்தியதும் தலைகீழாக இறங்கும். அந்தக் குதிப்பு சில நாட்களில் மீனுக்கு ரொம்பப் பிடிக்கும். லைனைத் தூக்கிப் போட்டு ஓட்டத்தைச் சரிசெய்யவும் முடியும். குறை என்னவென்றால், ஓட்டம் பலமானாலோ ஆழம் நாலு அடியைத் தாண்டினாலோ ஃப்ளை மேலேயே மிதந்து வரும். அதைச் சரிக்கட்ட இன்னும் கனமான ஃப்ளை கட்டினால் வீசுவதே பாடாகிவிடும். ஈயக் கண் ராடில் பட்டால் கார்பன் குச்சியில் கீறல் விழுந்து, பெரிய மீன் இழுக்கிற நேரத்தில் அங்கேயே முறியும்.

இதற்கு ஒரு மலிவான நடுவழி உண்டு: சிங்கிங் லீடர். மிதக்கும் லைனின் நுனி வளையத்தில் மாட்டுகிற 5 முதல் 10 அடி நீள மூழ்கும் லீடர். முழு லைன் வாங்க 100 டாலரை ஒட்டி ஆகும். இது அதில் சிறு பங்குதான். ஸ்ட்ரீமர் நமக்குச் சரிப்படுமா என்று பார்க்க நினைப்பவர் வேறு எதையும் வாங்காமல், இருக்கிற 5 வெயிட்டில் இதை மாட்டி, 6 அல்லது 8ஆம் எண் முள்ளில் கட்டிய வூலி பக்கரை வைத்து ஒரு சீசன் ஓட்டலாம். பிடிக்கவில்லை என்றாலும் நஷ்டம் பெரிதில்லை.

சிங்க் டிப் லைனில் முதல் 10 முதல் 15 அடி மட்டும் மூழ்கும், மீதி மிதக்கும். நடந்து மீன் பிடிப்பவருக்கு என் முதல் தேர்வு இதுதான், அதற்குக் காரணமும் உண்டு. பியர் மார்க்கெட் மாதிரி ஆற்றில் உங்கள் காலடியில் ஒரு ஓட்டம், நடுவில் வேகமான ஓட்டம், எதிர்க்கரையோரம் மெதுவான தண்ணீர் என்று மூன்று வேகங்கள் இருக்கும். மிதக்கும் பகுதியை ராடு நுனியால் தூக்கி மேல்பக்கம் போட்டால் நடு ஓட்டம் லைனை வளைத்து இழுப்பது குறையும்; மூழ்கிய நுனி ஃப்ளையைக் கீழேயே பிடித்துவைக்கும். பிரவுனுக்கு ஸ்ட்ரிப் பண்ணலாம், அதே லைனில் ஸ்டீல்ஹெட்டுக்கு ஸ்விங்கும் பண்ணலாம். வாங்கும்போது நொடிக்கு எத்தனை அங்குலம் மூழ்கும் என்பதைப் பாருங்கள். டைப் 3 என்றால் ஏறக்குறைய 3 அங்குலம், டைப் 6 என்றால் 6 அங்குலம். இது நின்ற தண்ணீரில் எடுத்த கணக்கு. ஓடுகிற தண்ணீரில் குறையும். இடுப்பளவு ஆழத்துக்கு டைப் 6 ஒன்றே போதும்.

இங்கே பலர் கோட்டைவிடுவது லீடரில். மூழ்கும் நுனிக்கு 9 அடி லீடர் கட்டினால் லைன் அடியில் போகும், ஃப்ளை மேலே மிதக்கும். 3 முதல் 4 அடி, அதிகம் போனால் 5 அடி. 12 முதல் 16 பவுண்டு இழுப்பைத் தாங்கும் ஃப்ளோரோகார்பன் நரம்பை ஒரே துண்டாகக் கட்டினால் பிரவுனுக்குப் போதும். மரக்கட்டைக்குள் ஓடப் பார்க்கும் மீனை நிறுத்த அந்த பலம் தேவை. ஸ்ட்ரீமரைத் துரத்துகிற மீன் லீடரை எண்ணிப் பார்ப்பதில்லை.

முழு மூழ்கும் தலை என்பது இன்னொரு வகை. முன்பக்கம் 24 முதல் 30 அடி முழுக்க மூழ்கும்; 200, 250 கிரெய்ன் என்று எடை போட்டு விற்பார்கள். 250 கிரெய்ன் என்றால் ஏறத்தாழ 16 கிராம். டிரிஃப்ட் படகில் மிதந்தபடி கரையைக் குறிவைத்து வீசுபவருக்கு இதற்கு நிகர் இல்லை. படகும் தண்ணீரோடு சேர்ந்து போவதால் லைன் வளைந்து இழுபடாது. ஃப்ளை கரையைத் தொட்டு விழுந்த நொடியிலிருந்து முதல் பத்துப் பதினைந்து அடிக்குள்தான் மீன் பாயும், அந்தத் தூரம் முழுவதும் ஃப்ளை ஆழத்திலேயே இருக்கும். ஆனால் ஆற்றில் நின்றுகொண்டு இதை வீசினால் வேதனைதான். ஒரு முறை மூழ்கிய லைனைத் தூக்கி ஓட்டத்தைச் சரிசெய்ய முடியாது. நடு ஓட்டம் எங்கே இழுக்கிறதோ அங்கே போகும். ஒவ்வொரு வீச்சுக்கும் லைனை முழுக்க உள்ளே இழுத்தாக வேண்டும். நண்பரிடம் படகு இருக்கிறது, மாதத்துக்கு இரண்டு நாள் போவோம் என்பவர் தயங்காமல் இதை வாங்கலாம். மற்றவர் விட்டுவிடுங்கள்.

கடைசியாக இரண்டு கை ராடு. இதில் போடுவது அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கிலுள்ள ஸ்கேஜிட் ஆற்றின் பெயரைத் தாங்கிய குட்டையான, கனமான லைன் தலை. அதன் முன்னால் டி-8, டி-11, டி-14 என்ற மூழ்கும் நுனிகளில் ஒன்றை மாட்டுவார்கள். அந்த எண் ஓர் அடிக்கு எத்தனை கிரெய்ன் என்பதைக் குறிக்கும். பத்தடி டி-11 என்றால் 110 கிரெய்ன், ஏறத்தாழ 7 கிராம். தண்ணீரிலேயே லைனை ஊன்றி எறிவதால் பின்னால் வீச இடம் தேவையில்லை. கரையில் சீடார் மரம் நெருக்கமாக நிற்கிற ஆற்றில் இது எவ்வளவு பெரிய வசதி என்பது, முதுகுக்குப் பின்னால் கிளை இடிக்க ஒரு நாள் நின்றவருக்குத் தெரியும். நனைந்து கனத்த பெரிய ஃப்ளையை நாள் முழுக்க வீசினாலும் தோள் வலிக்காது. ஸ்டீல்ஹெட்டுக்கு ஒரு நாளைக்குச் சில நூறு வீச்சுகள் வீச வேண்டியிருக்கும். கடி ஒன்றோ இரண்டோ, அதுவும் கிடைத்தால். அப்படிப்பட்ட மீன்பிடிப்பில் களைப்பு இல்லாமல் வீசுவதே பாதி வெற்றி.

நீளத்தில் மட்டும் கவனம் வேண்டும். இரண்டு கையால் வீசும் 13 அடி ஸ்பே ராடு, மிச்சிகனில் குரோட்டன் அணைக்குக் கீழே அகலமாக ஓடும் மஸ்கீகனுக்கும் கனடாவின் ஸ்கீனாவின் கிளையாறுகளுக்கும் பொருந்தும். பியர் மார்க்கெட்டில் அது தலைக்கு மேலே கிளையில் மாட்டும். இங்கே அதைவிடக் குட்டையான 11 அடி, 7 வெயிட் ஸ்விட்ச் ராடுதான் அளவு. பிரவுனுக்கு ஸ்ட்ரிப் பண்ண இரண்டு கை ராடு தோதுப்படாது. கட்டைக்கும் கரைக்கும் நடுவே சாண் அகல இடத்தில் ஃப்ளையைப் போட்டு உடனே இழுத்து, மறுபடி அடுத்த சந்துக்கு வீச 9 அடி ராடு கொடுக்கிற வேகம் அதில் வராது.

ஃப்ளையை லைனோடு சேர்த்துப் பாருங்கள்

ஃப்ளையைத் தனியாக ஒப்பிடுவதில் பயன் குறைவு. எந்த லைனில் எந்த ஃப்ளை என்று ஜோடி சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மிதக்கும் லைனுக்கு எடையுள்ள ஃப்ளை என்று மேலே சொன்னேன். மூழ்கும் லைனுக்கு நேர்மாறாக, எடை இல்லாத ஃப்ளை, இன்னும் சொன்னால் மிதக்கப் பார்க்கும் ஃப்ளை. 1930களில் டான் கேப்பன் கனடாவின் நிப்பிகன் ஆற்றுக்காகக் கட்டிய மட்லர் மின்னோவை எடுங்கள். தலை மான் முடியால் ஆனது, முடிக்குள் காற்று இருப்பதால் மேலே எழும்பும். லைன் அடியில் இழுக்க, ஃப்ளை மேலே ஏறப் பார்க்க, இழுப்பை நிறுத்திய அந்த நொடியில் அது விழாமல் நடுத்தண்ணீரிலேயே பக்கவாட்டில் திரும்பி நிற்கும். பிரவுன் பாய்வது பெரும்பாலும் அந்த நொடியில்தான். கட்டைக்கு அடியிலிருந்து மஞ்சள் விலா ஒன்று பளிச்சென்று திரும்புவது தெரியும். கையில் இழுப்பு வருவது அதற்கு அப்புறம்தான். எடையுள்ள ஃப்ளை அதே நேரத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு அடியில் இறங்கியிருக்கும்.

வூலி பக்கர் எல்லா லைனுக்கும் ஒத்துவரும். 1960களின் கடைசியில் பென்சில்வேனியாவின் ரசல் பிளெஸ்ஸிங் கட்டியது. அதன் வாலில் இருக்கும் மராபு இறகை நனைத்து, முழங்கால் ஆழத் தெளிந்த தண்ணீரில் உங்கள் காலருகே இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது இறகு ஒட்டி அட்டை மாதிரி ஒல்லியாகும், நிறுத்தினால் விரிந்து மூச்சு விடுவது போல அசையும். எந்த ஃப்ளையையும் வீசும் முன் இப்படிப் பார்த்துவிடுவது நல்லது. சாய்ந்தோ சுழன்றோ வந்தால் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். இறுக்கமான முடிச்சைவிட சிறு வளையம் விடுகிற முடிச்சில் ஃப்ளை தாராளமாக ஆடும்.

ஸ்டீல்ஹெட்டுக்கு இன்ட்ரூடர் வகை. 1990களில் எட் வார்டும் அவர் கூட்டாளிகளும் பசிபிக் வடமேற்கில் உருவாக்கியது. பார்க்கக் கைவிரல் நீளம் இருக்கும், ஆனால் உள்ளே பொருள் குறைவு; தண்ணீரிலிருந்து எடுத்ததும் நீர் வடிந்து லேசாகிவிடும். முள் பின்னால் தனியாக, சிறியதாகத் தொங்கும். நீளத் தண்டு முள்ளில் மாட்டிய மீன் தலையை உலுக்கி நெம்புகோல் மாதிரி கழற்றிவிடும். குட்டை முள்ளில் அந்த வாய்ப்புக் குறைவு, மீன் வாயில் காயமும் குறைவு. நிறத்தில் ரொம்பக் குழம்ப வேண்டாம். கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பு, தெளிந்த தண்ணீருக்கு வெள்ளை, ஆலிவ். மழை பெய்து ஆறு கொஞ்சம் ஏறி, தேநீர் நிறத்தில் இருக்கிற நாள் ஸ்ட்ரீமருக்கு அருமையான நாள்.

கடி வந்ததும் செய்ய வேண்டியதும் இரண்டுக்கும் வேறு. ஸ்ட்ரிப் பண்ணும்போது ராடு நுனி தண்ணீரைத் தொட்டபடி இருக்க வேண்டும், முள்ளை ஏற்றுவது லைன் பிடித்த கையின் நீண்ட இழுப்பு. டிரை ஃப்ளைப் பழக்கத்தில் ராடை மேலே தூக்கினால் ஃப்ளை மீன் வாயிலிருந்து வெளியே வந்துவிடும். தூக்காமல் இருந்தால் முதல் தடவை தவறவிட்ட மீனும் திரும்பி வந்து கடிக்கும். ஸ்விங்கில் ஒன்றுமே செய்யாமல் இருக்கப் பழக வேண்டும். மீன் ஃப்ளையை எடுத்துக்கொண்டு திரும்பும், லைன் ஓடத் தொடங்கும். அப்போது ராடைக் கரைப்பக்கமாகச் சாய்த்தால் முள் தாடை ஓரத்தில் ஏறும்.

ஒரே செட் என்றால்

ராடு கணக்கு இனி எளிது. 5 வெயிட் ராடு லைனின் முதல் 30 அடிக்கு 140 கிரெய்ன் எடையை வைத்து அளவிட்டது. 7 வெயிட்டுக்கு 185, 8 வெயிட்டுக்கு 210. நனைந்த பெரிய ஸ்ட்ரீமரும் மூழ்கும் நுனியும் சேரும்போது 5 வெயிட் தள்ளாடும். 8 வெயிட் ஸ்டீல்ஹெட்டுக்குக் கச்சிதம், ஆனால் பிரவுனுக்காக நாள் முழுக்க வீசினால் கை சோர்ந்துவிடும். பேரேரி ஸ்டீல்ஹெட் சாதாரணமாக 6 முதல் 10 பவுண்டு; 9 அடி, 7 வெயிட் ராடு அதைத் தாங்கும்.

ஆக, இரண்டு மீனுக்கும் ஒரே செட் என்று கேட்பவருக்கு என் பதில்: 9 அடி 7 வெயிட், டைப் 6 சிங்க் டிப் லைன், நல்ல டிராக் (மீன் இழுக்கும்போது லைனுக்குப் பிரேக் போடும் அமைப்பு) உள்ள ரீல், கூடவே மிதக்கும் லைன் சுற்றிய இரண்டாவது ஸ்பூல். பிரவுனுக்கு இதில் எந்தக் குறையும் இல்லை. ஸ்டீல்ஹெட்டுக்குப் பத்தில் ஏழு இடங்களை எட்டலாம். மரம் நெருங்கிய கரைகளும் அகலமான ஓட்டங்களும் கைவிட்டுப் போகும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நன்றாகவே மீன் பிடிப்பீர்கள்.

ஸ்டீல்ஹெட்தான் மனதில் இருக்கிறது, குளிர்காலத்திலும் போவேன் என்பவர் மட்டும் 11 அடி ஸ்விட்ச் ராடைத் தனியாக வாங்கட்டும். முதல் ராடாக அதை வாங்கி பிரவுனையும் அதிலேயே பிடிக்கலாம் என்று கடையில் சொன்னால் கேட்க வேண்டாம். இரண்டு கை வீச்சு படிய ஒரு சீசன் ஆகும். ஸ்ட்ரீமரின் அடிப்படையான ஆழமும் வேகமும் கைக்கு வராத நேரத்தில் அதையும் சேர்த்துப் படிப்பது சுமை.

காலத்தையும் பார்த்து வாங்குங்கள். கோடையில் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் டிரவுட் பிடிப்பதை நிறுத்திவிட வேண்டும். பிடித்துத் திரும்ப விட்டாலும் பிழைப்பது கடினம். செப்டம்பரில் இரவு குளிரத் தொடங்கியதும் பிரவுன் முரட்டுத்தனமாகும், சிங்க் டிப்புக்கு அதுதான் நேரம். அக்டோபரில் இலை உதிர்ந்து ஆறு முழுக்க மிதக்கும்போது வீச்சுக்கு ஒரு இலை முள்ளில் மாட்டும், பொறுமை வேண்டும். இலை ஓய்ந்த நவம்பரில் தண்ணீர் 4 முதல் 13 டிகிரிக்குள் இருக்கும் நாட்கள் ஸ்டீல்ஹெட் ஸ்விங்குக்கு மிகச் சிறந்தவை. அதற்குக் கீழே போனால் மீன் நகர மறுக்கும். டி-14 நுனி மாட்டி, மெதுவான தண்ணீரில், அதன் மூக்குக்கு எதிரேயே கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

அக்டோபர், நவம்பரில் பிரவுனும், மார்ச், ஏப்ரலில் ஸ்டீல்ஹெட்டும் முட்டையிடும். ஆழம் குறைந்த இடத்தில் சுற்றிலும் உள்ள கூழாங்கல்லைவிட வெளுத்து, துடைத்துவிட்டது போல ஒரு வட்டம் தெரிந்தால் அதுதான் முட்டைப் படுகை. அதில் நிற்கிற மீனுக்கு ஃப்ளை வீசாதீர்கள், அதன் மேல் கால் வைக்காதீர்கள். சுற்றிக்கொண்டு போய், அதற்குக் கீழே ஆழம் தொடங்கும் இடத்தில் இறங்கி வீசுங்கள். கடிக்கிற மனநிலையில் உள்ள மீன் அங்கேதான் நிற்கும்.